பச்சை பீரோவும் ஒரு லிட்டர் பெயிண்ட்டும்

எங்க வீட்டுக்கு வர்றவங்க ஹால்ல உட்கார்ந்து தண்ணி குடிச்சு முடிச்சதும் கேட்குற முதல் கேள்வி, "பீரோ புதுசா வாங்கினீங்களா?"ங்கிறதுதான். 1984ல வாங்கினதுன்னு சொன்னா ஒருத்தரும் நம்புறதில்லை. கதவைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினாத்தான் நம்புறாங்க. அந்த உள்பக்கத்தைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

மாயவரத்துல அம்மா சீட்டு எடுத்து வாங்கின பீரோ அது. விலை 1,400 ரூபாய். எங்க வீட்டுல அதுக்குப் பேரு "கோத்ரெஜ் பீரோ". ஆனா அந்தக் கம்பெனிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பக்கத்துத் தெரு பட்டறையில தகடு வளைச்சு செஞ்சது. கோத்ரெஜ்காரங்க 1923லேயே இரும்பு அலமாரி செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. அதனால போட்டோகாப்பிக்கெல்லாம் ஜெராக்ஸ்னு பேரு வந்த மாதிரி, இரும்புல எதைச் செஞ்சு நிறுத்தினாலும் நம்ம ஊர்ல அது கோத்ரெஜ் பீரோதான். இடது கதவுல ஆள் உயரக் கண்ணாடி, வலது கதவுல கைப்பிடி, நிறம் கரும்பச்சை. தாலுகா ஆபீஸ்ல ஃபைல் அடுக்கி வச்சிருப்பாங்களே, அந்தப் பச்சை.

2021ல அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க. அடுத்த வருஷம் மாயவரம் வீட்டைக் காலி பண்ணினோம். பாத்திரம் பண்டமெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தாச்சு. பீரோவை மட்டும் யாரும் கேட்கலை. தம்பி வெளிப்படையாவே சொல்லிட்டான், "பழைய இரும்புக் கடையில போட்டுடலாம்ணே, இதைத் தூக்குற கூலிக்குப் புதுசே வாங்கலாம்." அம்மா ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "யாராவது வச்சுக்கிட்டா நல்லாருக்கும்"னு மட்டும் சொன்னாங்க. யார் முகத்தையும் பார்த்துச் சொல்லலை.

அந்த நேரம் எனக்குத் திருச்சியிலேர்ந்து நாக்பூருக்கு மாற்றல். சாமான் ஏத்துற லாரி எப்படியும் வரப்போகுது. பீரோவும் ஏறிடுச்சு. கூடவே அப்பாவோட டெலிபோன் ஸ்டாண்டு (டெலிபோன் இல்லாம), தாத்தா காலத்துத் தேக்கு மணைப்பலகை ரெண்டு, ஒரு ஜோடி மரப்பாச்சி. தங்கமணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. ஆனா நாக்பூர்ல லாரியிலேர்ந்து பீரோவை இறக்கினப்போ அவங்க பார்த்த பார்வை இருக்கே, அது பத்து வார்த்தைக்குச் சமம்.

ரெண்டு வருஷம் அந்தப் பச்சை எங்க படுக்கையறையில நின்னுச்சு. காலடியில துரு, வழியில யாரோ இடிச்ச பள்ளம், மேல்மூலையில பெயிண்ட் உரிஞ்ச இடத்துல இந்தியா மேப் மாதிரி ஒரு கறை. தங்கமணி அது மேல ஒரு பெட்ஷீட்டைத் தொங்க விட்டாங்க. பொண்ணு பள்ளிக்கூடத் தோழிகளை அந்த ரூமுக்குள்ளயே விடமாட்டா. "பெயிண்ட் அடிச்சுடலாமே"ன்னு தங்கமணி சொல்லும்போதெல்லாம் நான் ஒரே பதில்தான் வச்சிருந்தேன். "அது அம்மா பீரோ. அந்தக் கலர்தான் அம்மா."

பி.காம். படிச்ச புத்தி ஒரு நாள் கணக்கு வேற போட்டுச்சு. மரச்சாமான், இரும்புச்சாமானுக்கு வருமான வரிக் கணக்குல வருஷம் 10 சதவீதம் தேய்மானம். முதல் வருஷம் 1,400ல 140 போகும், அடுத்த வருஷம் மீதி 1,260ல 126, இப்படியே. 40 வருஷம் கழிச்சு மிஞ்சுறது ஏறக்குறைய 21 ரூபாய். ஆனா இந்த முறையில ஒரு அழகு இருக்கு. எத்தனை வருஷம் போனாலும் மதிப்பு பூஜ்யம் ஆகவே ஆகாது. இதைத் தங்கமணிகிட்ட சொன்னேன். "அந்த 21 ரூபாய்க்குத்தான் பெட்ஷீட் போர்த்தி வச்சிருக்கேன்"னாங்க :)

என் மனசை மாத்தினது ஒரு மரக்காளை.

நாக்பூர் பக்கம் ஆவணி அமாவாசை சமயத்துல போளா பண்டிகை. நம்ம மாட்டுப்பொங்கல் மாதிரி, மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, அலங்கரிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. மறுநாள் தான்ஹா போளா, அதாவது சின்னப் போளா. சக்கரம் வச்ச மரக்காளைகளை ஜோடிச்சுக் கயிறு கட்டிக் குழந்தைங்க வீடு வீடா இழுத்துட்டு வரும். சில்லறையோ இனிப்போ கொடுக்கணும். போன்ஸ்லே ராஜா காலத்துல குழந்தைங்களுக்காக ஆரம்பிச்சதுன்னு ஊர்க்காரங்க பெருமையாச் சொல்வாங்க.

2024 போளாவுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. எதிர் ஃபிளாட் மராட்டிப் பெரியவர் வராந்தாவுல பேப்பரை விரிச்சு ஒரு மரக்காளைக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சுட்டு இருந்தார். அவரோட தாத்தா வாங்கினதாம். "இவ்வளவு பழசை ஏன் மறுபடி பெயிண்ட் அடிக்கிறீங்க, பழசாவே வச்சிருக்கலாமே?"ன்னு என் ஹிந்தியில கேட்டேன். அவர் என்னை விசித்திரமாப் பார்த்தார். "தாத்தா அடிச்சார், அப்பா அடிச்சார், நான் அடிக்கிறேன். உள்ளே இருக்குற மரத்தை எங்க வீட்டுல யாரும் பார்த்ததே இல்லை. பெயிண்ட் அடிக்காம விட்டா குழந்தை இதை இழுத்துட்டுப் போகாது. அப்புறம் பரண்தான்."

அவ்வளவுதான் சொன்னார். பேரன் வந்து "காய்ஞ்சுடுச்சா, காய்ஞ்சுடுச்சா"ன்னு பிடுங்க ஆரம்பிச்சுட்டான். எனக்கு என் பொண்ணு பெட்ஷீட்டை இழுத்து விட்டு பீரோவை மறைக்கிறது ஞாபகம் வந்துச்சு. நான் பத்திரப்படுத்துறதா நினைச்சுக்கிட்டு இருந்ததை என் வீட்டு ஆளுங்க மறைச்சு வச்சிருந்தாங்க.

நம்ம பக்கம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி இங்கே தீபாவளிக்கு முன்னாடி வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிற வழக்கம். வாடகை வீட்டுல நமக்குச் சுவர் சொந்தமில்லை. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை சுவர் மாறும், ஜன்னல் மாறும், கூடவே வர்றது சாமான் மட்டும்தான். நம்ம வெள்ளையடிப்பை அதுல காட்டுவோம்னு முடிவு பண்ணினேன். மழை நிக்கட்டும்னு அக்டோபர் வரைக்கும் காத்திருந்தோம். காத்துல ஈரம் இருந்தா எனாமல் பெயிண்ட் காயவும் காயாது, மினுமினுப்பும் போயிடும்.

ஸ்ப்ரே அடிக்கிற கடையில கேட்டேன், 4,500 சொன்னான், தூக்கிட்டுப் போற வண்டிக்கூலி தனி. இத்வாரி பஜாருக்குப் போய் நானே சாமான் வாங்கினேன். ரெட் ஆக்சைடு பிரைமர் அரை லிட்டர், எனாமல் ஒரு லிட்டர், டர்பன்டைன், உப்புத்தாள், வாட்டர் பேப்பர், ரெண்டு பிரஷ், மாஸ்க், ஒட்டுற டேப். மொத்தம் 1,140 ரூபாய். பீரோவோட வெளிப்பக்கம் மொத்தமே 43 சதுர அடிதான், ரெண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் தாராளம். கடையில நிக்கும்போது சின்ன வயசுல டின் மேல பார்த்த, பிரஷ்ஷும் டப்பாவும் வச்சிருக்குற ஏசியன் பெயிண்ட்ஸ் பையன் ஞாபகம் வந்தான். 1954ல ஆர்.கே. லக்ஷ்மண் வரைஞ்ச படம். இப்ப டின்ல அவனைக் காணோம்.

வெள்ளோட்டமா டெலிபோன் ஸ்டாண்டு. ஆர்வக்கோளாறுல வார்னிஷ் மேலேயே நேரா பெயிண்ட் அடிச்சேன். பார்க்கப் பிரமாதமா இருந்துச்சு. நாலு நாள் கழிச்சு பொண்ணு நகத்தால சுரண்டினா, தோல் மாதிரி ஒரு பட்டையா உரிஞ்சு வந்துச்சு. பழைய வழவழப்பு மேல புதுப் பெயிண்ட் பிடிக்காது. எல்லாத்தையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, மர பிரைமர் அடிச்சு, மறுபடி முதல்லேர்ந்து. அந்தப் பாடம் படிச்சுட்டுத்தான் பீரோகிட்ட போனேன்.

செய்யப் போறவங்களுக்காக வேலையை வரிசையாச் சொல்லிடறேன்.

முதல்ல சோப்புத் தண்ணியில கழுவித் துடைச்சு நல்லாக் காய விடணும். நாற்பது வருஷத்துக் கை எண்ணெய் அதுல இருக்கும். துருப்பிடிச்ச இடத்தைக் கம்பி பிரஷ்ஷால சுரண்டி இரும்பு தெரியுற வரைக்கும் தேய்க்கணும். மத்த இடத்துல பழைய பெயிண்ட்டை முழுசா எடுக்க வேண்டியதில்லை, பளபளப்பு போற அளவுக்குத் தேய்ச்சாப் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்ட்ல பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல ஈயம் இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல விதி போட்டதே 2016லதான், அமலுக்கு வந்தது 2017 நவம்பர் 1. அதனால பழைய பெயிண்ட்டைக் காய்ஞ்ச தாளால தேய்ச்சுத் தூசி கிளப்பாதீங்க, நெருப்பு காட்டியும் உரிக்காதீங்க. தண்ணி தொட்டு வாட்டர் பேப்பரால தேய்ங்க, மாஸ்க் போடுங்க, கீழே விரிச்ச பேப்பரை அப்படியே சுருட்டிக் குப்பையில போடுங்க. குழந்தைங்க, மாசமா இருக்குறவங்க அந்தப் பக்கமே வேண்டாம். நான் பொண்ணைத் தோழி வீட்டுக்கு அனுப்பிட்டேன்.

அப்புறம் இரும்பு தெரியுற இடத்துக்கெல்லாம் ரெட் ஆக்சைடு. ஒரு ராத்திரி காயணும். பள்ளத்துல பட்டி வச்சு சமமாத் தேய்ச்சு, அதுக்கு மேல எனாமல். டர்பன்டைன் கொஞ்சம் கலந்து மெல்லிசா, மேலேர்ந்து கீழா ஒரே திசையில இழுக்கணும். தடிமனா ஒரு கோட் அடிச்சா வழிஞ்சு கண்ணீர் மாதிரி நிக்கும். மெல்லிசா ரெண்டு கோட், நடுவுல ஒரு ராத்திரி. ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல அடுப்பு, விளக்கு எதுவும் எரியக் கூடாது. தொட்டா காய்ஞ்ச மாதிரி இருந்தாலும் ஒரு வாரம் துணிமணி அடுக்காதீங்க. எங்க வீட்டுல அவசரப்பட்டு மேல வச்ச சூட்கேஸோட தடம் இன்னும் இருக்கு.

எதுக்கு பெயிண்ட் அடிக்கலாம், எதுக்குக் கூடாதுங்கிறதுல எங்க வீட்டுல ஒரு சின்ன யுத்தமே நடந்துச்சு. பெயிண்ட் மிச்சம் இருக்குன்னு தங்கமணி மணைப்பலகை பக்கம் போனாங்க. கடைசியில ஒரு சட்டம் போட்டுக்கிட்டோம். பிறக்கும்போதே பெயிண்ட்டோட பிறந்ததுக்குத்தான் பெயிண்ட். தேக்குப் பலகை, மரப்பாச்சி, பித்தளை எல்லாம் வெறும் உடம்போட வந்தது, அதுக்குத் துடைக்கிறதும் தேய்க்கிறதும் போதும். தேக்கோட வரி ஒரு தடவை பெயிண்ட்டுக்குள்ள போயிட்டா அதைத் திரும்ப எடுக்குறது சாமானிய வேலை இல்லை.

பீரோவுக்குக் கலர் தேர்ந்தெடுத்தது பொண்ணு. லேசான நீலம், மழைக்கு முந்தின வானம் மாதிரி.

இப்ப நான் பண்ணின தப்பு. கண்ணாடியைச் சுத்தி டேப் ஒட்டுறதுக்கு முன்னாடி, ஓரத்துல ஏதோ அழுக்கு அப்பியிருக்கேன்னு டர்பன்டைன் நனைச்ச துணியால ஒரு இழுப்பு இழுத்தேன். ஏழெட்டு போயிடுச்சு. காபி கொண்டு வந்த தங்கமணி, "என்னங்க பண்றீங்க! நிறுத்துங்க!"ன்னு கத்தினாங்க.

அழுக்கு இல்லை. அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டு.

குளிக்கப் போகும்போது நெத்தியிலேர்ந்து எடுத்துக் கண்ணாடி ஓரத்துல ஒட்டிட்டுப் போறது அம்மா பழக்கம். அரக்கு நிறம், பட்டாணி அளவு. 2021க்கு அப்புறம் அம்மா பொட்டு வைக்கிறதில்லை, திருநீறு மட்டும்தான். ரெண்டு வருஷம் அதே ரூம்ல தூங்கியிருக்கேன், ஒரு நாளும் என் கண்ணுல படலை. தங்கமணி வாரா வாரம் கண்ணாடி துடைக்கும்போது அதை விட்டுட்டுத் துடைச்சிருக்காங்க. பெட்ஷீட் போர்த்தின அதே தங்கமணி. நான் அன்னைக்கு அதுக்கு மேல வேலை செய்யலை.

மிஞ்சினது ரெண்டு. அதைச் சுத்தி டேப் ஒட்டித்தான் மீதி வேலை நடந்துச்சு.

கதவோட உள்பக்கத்தைத் தொடறதே இல்லைன்னு அன்னைக்கே முடிவு. அங்கே பச்சை அப்படியே இருக்கு, அது மேல அம்மாவோட பென்சில் எழுத்து. கேஸ் சிலிண்டர் மாத்தின தேதிகள், பால் கணக்கு, "சீட்டு 20 கட்டியாச்சு", தம்பிக்கு டைபாய்டு வந்தப்போ வேளாவேளைக்கு எழுதின காய்ச்சல் அளவு. 103னு ஒரு இடத்துல ரெண்டு தடவை அடிக்கோடு.

முடிச்சு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். அக்கா பூங்கொத்து அனுப்பினா. தம்பி போன் பண்ணினான். "ஏண்ணே, அம்மா பீரோவை இப்படிப் பண்ணிட்டியே? அந்தப் பச்சையைப் பார்த்தாத்தானே நம்ம வீடு ஞாபகம் வரும்?" இரும்புக் கடைக்குப் போடச் சொன்ன அதே தம்பி! கோபம் வந்துச்சு, ஆனா பதில் சொல்ல முடியலை. ரெண்டு வருஷமா நான் சொல்லிட்டு இருந்த வசனமாச்சே அது. அம்மா தீபாவளிக்கு வர டிக்கெட் போட்டாச்சு. அந்தப் பத்து நாளும் எனக்குச் சரியாத் தூக்கம் இல்லை.

அக்கா பையன் துணையோட அம்மா தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல வந்தாங்க. சென்னையில ராத்திரி ஏறினா மறுநாள் மத்தியானம் நாக்பூர். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, படுக்கையறைக்குள்ள போனாங்க. நான் பின்னாலேயே போனேன், பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி.

கொஞ்ச நேரம் பார்த்தாங்க. கையால தடவினாங்க.

"இதே மாதிரி ஒரு நீலம்தான்டா நான் கேட்டேன்."

"எப்ப?"

"வாங்கும்போது. ஆகாச நீலத்துல வேணும்னு சொல்லி விட்டேன். ஏதோ பள்ளிக்கூடத்து ஆர்டருக்குக் கலக்கின பச்சை மிச்சம் இருக்கு, அதுல அடிச்சா அம்பது ரூபா குறைச்சுக்கிறேன்னு பட்டறைக்காரர் சொன்னாராம். உங்கப்பா சரின்னுட்டு வந்துட்டாரு. ஒரு வாரம் நான் அவரோட பேசலை."

தங்கமணி என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

"அந்தக் கலர்தான் அம்மா"ன்னு ரெண்டு வருஷம் வசனம் பேசினவன் நான். நாற்பது வருஷத்துல ஒரு தடவை அம்மாகிட்ட "உனக்கு இந்தக் கலர் பிடிக்குமா?"ன்னு கேட்டதில்லை. பெரியவங்க சாமானை நாம வச்சுக்கும்போது, அதுல எது அவங்களோடது, எது நாமளா ஏத்தி வச்சதுன்னு ஒரு தடவையாவது கேட்டுடணும் போல. கேட்க ஆள் இருக்கும்போதே.

அப்புறம் கதவைத் திறந்தாங்க. உள்பக்கத்துப் பச்சையைப் பார்த்ததும் சிரிச்சாங்க. கண்ணாடி போடாமலே பேத்திக்கு வாசிச்சுக் காட்டினாங்க, எழுத்து தெரிஞ்சு இல்லை, மனப்பாடம். "அப்பாயி, 103 யாருக்கு?"ன்னு பொண்ணு கேட்டா. "உன் சித்தப்பனுக்கு. ராத்திரி பூரா ஈரத்துணி போட்டேன்." அன்னைக்கு ராத்திரி தம்பிக்கு வீடியோ கால். அந்தப் பென்சில் எழுத்தைக் காட்டினதும் பச்சை, நீலமெல்லாம் மறந்து போய் ரொம்ப நேரம் பேசாம இருந்தான்.

கண்ணாடியில துடைச்சுப் போன பொட்டுங்களைப் பத்தி அம்மாகிட்ட நான் சொல்லலை. சொல்லணும்னு வாயெடுப்பேன், வராது.

மறுநாள் காலையில நான் ஷேவ் பண்ணக் கண்ணாடி முன்னாடி நின்னேன். அம்மா குளிச்சுட்டு இருந்தாங்க. ஓரத்துல வழக்கமான ரெண்டு அரக்குப் பொட்டு. அதுக்குக் கீழே புதுசா ஒண்ணு. கறுப்பு, கடுகு அளவு. தங்கமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அக்கா சொல்லிச் சொல்லி இப்ப ஆறு மாசமா வச்சுக்கிறாங்க. நேத்து ஸ்டேஷன்ல நீங்க பார்க்கலையா?"ன்னு கேட்டாங்க.

பார்க்கலை.

அம்மா ஊருக்குத் திரும்பிப் போயாச்சு. இப்ப கண்ணாடி ஓரத்துல பொட்டு மூணு. துடைக்கிற துணி என் கைக்குக் கிடைக்காத இடத்துல இருக்கு.